குற்றவியல் உளவியல் எடுக்கிறாயா? அப்போது புள்ளியியலை விட்டுவிடாதே

தம்பி, நீ அனுப்பிய விருப்பப் பாடப் பட்டியலைப் பார்த்தேன். குற்றவியல் உளவியலைச் சுற்றி இரண்டு வட்டம், புள்ளியியல் மேல் நீளமாக ஒரு கோடு. அந்த ஆர்வத்தில் தப்பே இல்லை, ஆனால் கோட்டைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஒரே ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் பல கார்கள் மோதிக்கொள்ளும் சின்னப் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள், விபத்து நடப்பது 4 விநாடிதான். அப்புறம் சிலரிடம் "கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் இருக்கும்?" என்றும் வேறு சிலரிடம் "மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டால், "நொறுங்கிய" கேள்வி போன 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்கிறார்கள், "இடித்துக்கொண்ட" கேள்வி போன 50 பேரில் 7 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

சாட்சியை எவ்வளவு நம்பலாம் என்பது நீ வட்டம் போட்ட பாடத்தின் உயிர்நாடி. ஆனால் அதற்கான அடிப்படை அறிதல் உளவியலில், அதாவது மனம் எப்படிக் கவனிக்கிறது, நினைவில் வைக்கிறது, சிந்திக்கிறது என்று படிக்கும் பாடத்தில், நினைவாற்றல் பகுதியில் இருக்கிறது. 16-க்கும் 7-க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாக வந்ததா இல்லையா என்று பார்க்க கை-ஸ்கொயர் சோதனை வேண்டும், அது நீ கோடு போட்டு அடித்த பாடம்.

கணக்கு வராதே என்று பயப்படுகிறாய், தெரியும். கூட்டல் பெருக்கலையெல்லாம் கணினி பார்த்துக்கொள்ளும், எந்தக் கேள்விக்கு எந்தச் சோதனை என்பதைத்தான் நீ கற்க வேண்டும், அது பழகப் பழக வரும். முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போதும் ஆய்வுமுறையும் புள்ளியியலும் படித்திருக்கிறாயா என்று பல இடங்களில் பார்ப்பார்கள். இளங்கலையோடு யாரும் உளவியல் நிபுணர் ஆகிவிட முடியாது, மேலே படித்தாக வேண்டும், அதனால் இதை லேசாக விடாதே.

நிறுவனத்தில் மனிதவள வேலைதான் ஆசை என்றால் என் பதில் வேறாக இருக்கும், தொழில் உளவியலையும் உளவியல் அளவீட்டையும் எடு என்பேன். உனக்கு அது இல்லை.

சரி, இப்போதைக்கு இதைச் செய். குற்றவியல் பாடத்தை முடித்த சீனியர் ஒருவரிடம் போன வருட அசைன்மென்ட்டை வாங்கிப் பார். பிரபல கொலையாளிகள் கதையாகவே இருந்தால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவை. சாட்சி விசாரணை, கைதிகளின் மறுவாழ்வு, மதிப்பீட்டுக் கருவிகள் என்று இருந்தால் தாராளமாக எடு, கூடவே புள்ளியியலையும். பாடம் மாற்றக் கடைசி நாள் எப்போது என்று இன்றைக்கே அலுவலகத்தில் கேட்டுச் சொல்.