கடவுளைப் படைத்தது யார்?

கேள்வி: உலகைப் படைத்தவர் அதைவிடச் சிக்கலானவராக இருக்க வேண்டுமே, அவரைப் படைத்தது யார் என்று நாத்திக உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 2006-இல் வெளிவந்த நூலில் கேட்கிறாரே?

பதில்: உறுப்புகள் சேர்ந்து அமைந்த பொருளிடம்தான் 'சேர்த்தவர் யார்' என்று கேட்க முடியும். கடவுளிடம் எவ்விதச் சேர்க்கையும் இல்லை என்று 13-ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் வாதிட்டார். 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்றும் அவர் சொல்லவில்லை. தன் இருப்பைத் தானே கொண்டிராதவற்றுக்கே காரணம் வேண்டும் என்றார். பிரபஞ்சம் பெருவெடிப்பில் தொடங்கியது என்பதையே கடவுளுக்குச் சான்றாகக் காட்டும் பக்தர்களும் இங்கே சறுக்குகிறார்கள். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்பது நம்பிக்கையால் அறிவது, பகுத்தறிவால் நிறுவக்கூடியதல்ல என்பதே அக்வினாஸின் முடிவு. அவர் கேட்டது வேறு: இந்த நொடியில் உலகை இருக்கச் செய்வது எது? அவர் தரும் உவமை, கதிரவன் ஒளிரும்வரை மட்டுமே காற்றில் நிற்கும் வெளிச்சம்.