நார்வே ‘புளூ பேர்ல்’ கல்லுக்கு 30 கோடி வயதா?

கேள்வி: சமையல் மேடைக்கு ‘புளூ பேர்ல்’ கல் பார்த்து வைத்திருக்கிறோம். “நார்வேயிலிருந்து வருகிற அசல் கிரானைட், 30 கோடி வருஷத்துக் கல்” என்கிறார் கடைக்காரர். உள்ளூர்க் கல்லைவிட விலை ரொம்ப அதிகம். இது நிஜமாகவே கிரானைட்தானா? வயதை எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு துண்டை லேபில் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: வயது சரி, கிரானைட் என்பதுதான் சரியில்லை. அதற்காகக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கல் வியாபாரத்தில் பாலிஷ் ஏறுகிற கெட்டிக் கல் எல்லாமே கிரானைட்தான். ‘குன்னம் கருப்பு’ என்று விற்கிற நம்மூர்க் கல்கூட உண்மையில் டோலரைட் என்ற வேறு வகைக் கருங்கல்.

புவியியல் கணக்கில் கிரானைட் என்றால், அதன் வெளிர்நிறக் கனிமங்களில் ஐந்தில் ஒரு பங்காவது குவார்ட்ஸ் இருக்க வேண்டும். உங்கள் கல்லில் குவார்ட்ஸ் அநேகமாக இருக்காது, பெரும்பகுதி ஃபெல்ட்ஸ்பார் என்ற வேறு கனிமம்தான். இதன் பெயர் லார்விகைட். தெற்கு நார்வேயின் லார்விக் ஊரை வைத்து இந்தப் பெயரைப் பிரபலமாக்கியவர் ப்ரோகர் என்ற நார்வே புவியியலாளர், 1890இல்.

ஆனால் இது கிரானைட்டின் நெருங்கிய உறவுதான். பிறந்த இடமும் ஒன்று. கண்டங்கள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே நிலமாகச் சேர்ந்திருந்த காலத்தில், இன்றைய ஓஸ்லோவைச் சுற்றிய நிலம் இருபுறமும் இழுபட்டது. மேலோடு மெலிந்தது, நடுப்பகுதி கீழே இறங்கியது. மேலிருந்த அழுத்தம் குறைந்ததும், மேலோட்டுக்கு அடியில் ஏற்கெனவே சூடாக இருந்த பாறை (இந்த அடுக்குக்கு மேன்டில் என்று பெயர்) கொஞ்சம் உருகிவிட்டது. பாறை உருகக் கூடுதல் சூடு வேண்டும் என்றே பலர் நினைக்கிறார்கள். அழுத்தம் குறைந்தாலே போதும்.

அந்தக் குழம்பு முதலில் பசால்ட் எரிமலைக் குழம்பாக வெளியே வந்தது. மேலோட்டின் அடியில் தேங்கி நின்ற பங்கிலிருந்து, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனிமங்கள் முதலில் படிகமாகிப் பிரிந்தன. மிச்சத்தில் சோடியமும் பொட்டாசியமும் கூடின. அதுதான் மேலேறி ஆழத்திலேயே உறைந்து லார்விகைட் ஆனது. தரைக்கு வந்த பங்கு, சாய்சதுரப் படிகங்கள் பதிந்த ராம்ப் போர்ஃபிரி எரிமலைப் பாறையானது. அசல் கிரானைட் வந்தது பின்னால்தான். ஓஸ்லோவுக்குத் தென்மேற்கே டிராமன் பகுதியில் இருப்பது அதுவே. கடைசிவரை அந்த நிலம் இரண்டாகப் பிரிந்துபோகவில்லை, கடலும் உருவாகவில்லை.

வயதைச் சொல்வது சிர்கான் என்ற நுண்ணிய படிகம். சில கிலோ கல்லை நொறுக்கி, கனமான துகள்களைப் பிரித்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். சிர்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்ட விடவே விடாது. ஆகவே இன்று அதில் இருக்கும் ஈயம், யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டு. வேகம் வேறான இரண்டு கடிகாரங்கள் ஒரே படிகத்துக்குள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால் நம்பலாம். இடையில் ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் பொருந்தாது, குட்டு வெளிப்பட்டுவிடும். இந்த முறையின் பெரிய பலம் இதுதான். ருபீடியம்–ஸ்ட்ரோன்ஷியம் போன்ற முறைகளில் பாறை பின்னால் சூடானாலோ, வெந்நீர் ஊடுருவினாலோ வயது குறைவாக விழக்கூடும்.

லார்விக் பாறைகளுக்குச் சிர்கான் காட்டும் வயது ஏறக்குறைய 29.8 கோடி முதல் 29.2 கோடி ஆண்டு வரை. கடைக்காரர் முழு எண்ணாக்கிச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இது கல் உறைந்த வயது என்பதை மட்டும் கவனியுங்கள். நிலம் எப்போது இழுபடத் தொடங்கியது என்பதை இந்த எண் மட்டும் சொல்லாது. அதற்குப் பிளவுகள், பசால்ட் அடுக்குகள், வண்டல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லேபுக்கு வருவோம். வயதுப் பரிசோதனை வேண்டாம். ஆராய்ச்சிக்கான செலவு அது, உங்கள் மேடையின் உழைப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சந்தேகம் தீரவில்லை என்றால் புவியியல் துறை உள்ள கல்லூரியில் தின் செக்‌ஷன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் கனிமங்களைப் பார்ப்பது அது.

அதற்கும் முன், கடையிலேயே ஸ்லாபை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். ஒரு முழுப் படிகம், ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ, சட்டென நீலமாக ஒளிர்ந்து, கோணம் மாறியதும் அணைய வேண்டும். குழம்பு மெதுவாக ஆறியபோது ஃபெல்ட்ஸ்பார் ஒன்றுக்குள்ளேயே மிக மெல்லிய அடுக்குகளாகப் பிரிந்துவிட்டது. தேங்கிய மழைநீரில் எண்ணெய்ப் படலம் நிறம் காட்டுவதுபோல அந்த அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. எந்தப் பக்கம் சாய்த்தாலும் பொடிப் பொடியாக ஒரே மாதிரி மின்னினால் அது செயற்கைக் கல்லாக இருக்கலாம்.

வாங்குவதாக இருந்தால் ஒன்று: சில லார்விகைட்டுகளில் நெஃபெலின் என்ற கனிமம் உண்டு, அதற்கு அமிலம் ஆகாது. புளித்தண்ணீர், எலுமிச்சைச்சாறு சிந்தினால் துடைத்துவிடுங்கள். ஆசிட் கலந்த கிளீனரை மட்டும் மேடைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.