இணைச்சீர் இருந்த இடத்தில் வரவேற்பு மேடை: கலைந்துபோன எடிட்டிங் புராஜெக்டை மீட்பது எப்படி?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் ஸ்டுடியோ நடத்துகிறேன். மூன்று கேமரா, ஒரு ட்ரோன் வைத்து எடுத்த கல்யாணத்தை அடோபி பிரீமியர் புரோவில் பாதிக்கு மேல் எடிட் செய்திருந்தோம். முகூர்த்த நெருக்கடியால் மீதி வேலையை ஈரோட்டில் உள்ள ஓர் எடிட்டரிடம் கொடுத்தேன். அதற்காக எல்லாவற்றையும் புதிய ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்தபோது, கடைப் பையன் ஃபோல்டர்களைத் தன் வசதிக்கு மாற்றி அடுக்கிவிட்டான். ஈரோட்டில் திறந்தால் எல்லாக் காட்சியும் சிவப்புப் பலகையாக ‘மீடியா ஆஃப்லைன்’ என்று காட்டியது. மறுபடி இணைத்த பிறகு, இணைச்சீர் என்ற கல்யாணச் சடங்கு வர வேண்டிய இடத்தில் வரவேற்பு மேடை வருகிறது. புராஜெக்ட் திறக்கவும் வெகுநேரம் ஆகிறது. முதலிலிருந்து எடிட் செய்ய வேண்டுமா? பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். கூடாது. பழைய டிஸ்க்கைக் கணினியிலிருந்து கழற்றி, மேலே தாள் ஒட்டி, யார் கையும் படாத இடத்தில் வையுங்கள். உங்களிடம் இருக்கும் ஒரே ஒழுங்கான சாட்சி அதுதான்.

முதலிலிருந்து எடிட் செய்யத் தேவையில்லை. பிரீமியரின் புராஜெக்ட் கோப்புக்குள் ஒரு நொடி வீடியோகூடக் கிடையாது. எந்தக் கோப்பு, எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், அதில் எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடிவரை என்ற குறிப்புகள் மட்டுமே உண்டு. நீங்கள் வெட்டிய வெட்டு ஒவ்வொன்றும் அதில் பத்திரமாக இருக்கிறது. குறிப்பில் உள்ள முகவரிதான் இப்போது பொருந்தவில்லை. சிவப்புப் பலகை சொல்வதும் அவ்வளவுதான். அதைக் கண்டதும் பதறி எதையாவது இணைத்துச் சேமித்தால்தான் சிக்கல் இரட்டிப்பாகிறது. உங்கள் எடிட்டர் செய்ததும் அதுவே. இணைக்கச் சொல்லி ஜன்னல் வரும்போது ‘ஆஃப்லைன் ஆல்’ கொடுத்துவிட்டு நிதானமாக யோசிக்கலாம். அதனால் எதுவும் அழியாது.

காட்சி மாறியதற்குக் காரணம் கேமராக்கள் வைக்கும் பெயர். சோனி கேமரா தன் கார்டில் சி0001, சி0002 என்று எண்ணிக்கொண்டே போகும். உங்கள் முதல் கேமராவிலும் ஒரு சி0012 இருக்கும், இரண்டாவதிலும் இருக்கும். மாலை வரவேற்புக்கு முன் கார்டை ஃபார்மேட் செய்திருந்தால், எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி அதே கேமராவிலேயே இன்னொரு சி0012 வந்திருக்கும். பையன் அடுக்கிய ‘நியூ ஃபோல்டர்’, ‘நியூ ஃபோல்டர் 2’ ஆகியவற்றுக்குள் இவை சிதறிக் கிடக்கும்போது, ‘பழனிச்சாமி, ஈரோடு மாவட்டம்’ என்று மட்டும் எழுதிய கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் தபால்காரரின் நிலைதான் பிரீமியருக்கும். முதலில் எதிர்ப்படும் பழனிச்சாமியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடும்.

மீட்பு வேலையை ஈரோட்டில் சேமித்த புராஜெக்டில் தொடங்காதீர்கள். டிஸ்க் கைமாறுவதற்கு முன் கடைசியாகச் சேமித்த கோப்பு கோபியில் உள்ள கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், புராஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்திலேயே ‘ஆட்டோ சேவ்’ என்று முடியும் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். யாரும் அமைப்பை மாற்றியிருக்காவிட்டால் அங்கேதான். அதில் தேதியும் நேரமும் போட்டுப் பழைய பதிப்புகள் வரிசையாகக் கிடக்கும். தவறாக இணைப்பதற்கு முந்தைய பதிப்பை வெளியே நகலெடுத்து, வேறு பெயர் வைத்து, அதைத் திறங்கள்.

இப்போது எளிய வழி ஒன்றை முயன்று பார்க்கலாம். பழைய டிஸ்க்கின் அடுக்கு மாறாமல் இருப்பதால், அதை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ஒரு ஃபோல்டர் பெயரைக்கூடத் தொடக் கூடாது. அதை ஈரோட்டுக் கணினியில் செருகி, டிரைவ் எழுத்தைப் பாருங்கள். கோபியில் ‘இ’ டிரைவாக இருந்தது அங்கே ‘எஃப்’ அல்லது ‘ஜி’ ஆகியிருக்கும். விண்டோஸின் தொடக்கப் பொத்தானில் வலது கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ போய், அந்த டிஸ்க்கின்மேல் வலது கிளிக் செய்தால் ‘சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்’ என்று வரும். அங்கே பழைய எழுத்தையே கொடுங்கள். அந்த எழுத்தை வேறு டிரைவ் பிடித்து வைத்திருந்தால் முதலில் அதற்கு எழுத்தை மாற்றுங்கள். விண்டோஸ் இருக்கும் டிரைவை மட்டும் தொட வேண்டாம். முகவரி பொருந்தியதும் புராஜெக்டைத் திறந்தால் பெரும்பாலும் எல்லாக் காட்சியும் தானாக உயிர் பெறும். இது நடந்துவிட்டால் அடுத்த இரண்டு பத்திகள் உங்களுக்கு வேண்டியதில்லை.

நடக்காவிட்டால் கையால் இணைக்க வேண்டும். புராஜெக்ட் பேனலில் ஒரே கேமராவின், ஒரே கார்டின் காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து ‘லிங்க் மீடியா’ கொடுங்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் இணைக்கும் ஆசை வேண்டாம். அந்த ஜன்னலில் எவற்றை ஒப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. ‘ஃபைல் நேம்’ மட்டும் டிக் ஆகியிருந்தால் பழனிச்சாமி குழப்பம் திரும்பவும் வரும். ‘மீடியா ஸ்டார்ட்’ என்பதையும் டிக் செய்யுங்கள். அது கோப்பின் தொடக்க டைம்கோடையும், அதாவது காட்சியோடு கேமரா பதியும் நேர எண்ணையும், ஒப்பிடும். இரண்டு சி0012-க்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் தொடக்க டைம்கோடு ஒன்றாக இருப்பது அரிது. ஆனால் டைம்கோடைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்படி வைத்திருந்த கேமராக்களில் முதல் கோப்பான சி0001 மட்டும் இரண்டிலும் பூஜ்யமாகவே இருக்கும். செல்போன் காட்சிகளும் அப்படியே. அவற்றை ஓட்டிப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். அவற்றுக்கு ‘ரீலிங்க் அதர்ஸ் ஆட்டோமேட்டிக்கலி’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். ஒன்றைத் தவறாகக் காட்டினால் அதே ஃபோல்டரிலிருந்து மற்றவற்றையும் இழுத்துப் போட்டுவிடும் வசதி அது. ஒலியே இல்லாத ட்ரோன் காட்சியை ஒலியுள்ள காட்சியின் இடத்தில் பொருத்த முயன்றால் பிரீமியர் பொருந்தவில்லை என்று மறுத்துவிடும். அந்தச் செய்தி எரிச்சலூட்டினாலும் நன்மைக்கே.

ஏற்கெனவே தவறாக இணைந்த காட்சியை விடுவிக்க ‘மேக் ஆஃப்லைன்’ என்ற கட்டளை உண்டு. அதைக் கொடுத்ததும் இரண்டு தேர்வுகள் வரும். ஒன்று, கோப்புகள் டிஸ்க்கிலேயே இருக்கட்டும் என்பது. மற்றது, கோப்புகளை அழித்துவிடு என்பது. இரண்டாவதைத் தொட்டால் மணமக்களின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேச வேண்டியிருக்கும். நகல் டிஸ்க்கில் மட்டும் இந்த வேலையைச் செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

திறக்கத் தாமதமாவது வேறு விஷயம். புதிய கணினியில் புராஜெக்டை முதன்முறை திறக்கும்போது பிரீமியர் ஒவ்வொரு கோப்பின் ஒலிக்கும் துணைக் கோப்புகளைப் புதிதாக உருவாக்கும். வலப்பக்கக் கீழ் மூலையில் ஓடும் பட்டை முடியும்வரை விட்டுவிடுங்கள். அந்த ‘மீடியா கேஷ்’ கணினியின் எஸ்எஸ்டியில் இருக்கட்டும். யுஎஸ்பி வழியாக இணைத்த சுழலும் டிஸ்க்கில் வேண்டாம். அதை அழித்தாலும் மூலக் காட்சிக்கு ஆபத்தில்லை; மறுபடி உருவாகிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் தாமதமானால், சென்ற சீசன் கல்யாணத்தின் புராஜெக்டையே வேறு பெயரில் சேமித்து அதன்மேல் புதியதைக் கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஸ்டுடியோக்களில் சகஜமான பழக்கம் இது. டைட்டில் வசதிக்காகப் பழைய கல்யாணம் நான்கையும் புராஜெக்ட் சுமந்துகொண்டிருக்கும். எடிட் மெனுவில் ‘கன்சாலிடேட் டூப்ளிகேட்ஸ்’ இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கும். ‘ரிமூவ் அன்யூஸ்டு’ எந்த டைம்லைனிலும் இல்லாதவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கும், டிஸ்க்கிலிருந்து அல்ல. இரண்டையும் புராஜெக்டின் நகலில் செய்யுங்கள்.

அடுத்த கல்யாணத்துக்கு ஒழுங்கு எங்கே தொடங்க வேண்டும் என்றால், கார்டைக் கணினியில் செருகும் அந்த நிமிடத்தில். டிஸ்க்கில் கேமராவாரியாக அடுக்குங்கள். சடங்குவாரியாக அடுக்குவது பிரீமியருக்குள் மட்டும். இதைத் தலைகீழாகச் செய்வதுதான் பாதி ஸ்டுடியோக்களின் தலைவலிக்குக் காரணம் என்பது என் எண்ணம். நாட்டுக்கல் சீர் முடிந்து இணைச்சீர் தொடங்குவது ஒரே ஷாட்டில் ஓடியிருந்தால், அந்தக் கோப்பை எந்தச் சடங்கின் ஃபோல்டரில் போடுவீர்கள்? இரண்டிலும் நகல் போட்டால் அங்கேயே இரட்டைப் பெயர் பிறந்துவிடுகிறது. ஆனால் எந்தக் கேமரா, எந்தக் கார்டு என்பதற்கு ஒரே விடைதான் உண்டு. பிரீமியருக்குள் முகூர்த்தக்கால், நாட்டுக்கல், இணைச்சீர், மங்கல வாழ்த்து, தாரை வார்த்தல் என்று வேண்டிய மட்டும் ‘பின்’ (பிரீமியருக்குள் இருக்கும் ஃபோல்டர்) உருவாக்கி, ஒரே ஷாட்டைத் துணைக் கிளிப்புகளாகப் பிரித்து இரண்டிலும் வைக்கலாம். டிஸ்க் நிறையாது, முகவரியும் மாறாது.

தாய் ஃபோல்டரின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கி, பிறகு ஊர்ப் பெயர் வையுங்கள். தானாகவே கால வரிசையில் நிற்கும். புராஜெக்ட் கோப்பும் பாட்டும் டைட்டில் படங்களும் அதே தாய் ஃபோல்டருக்குள்தான் இருக்க வேண்டும். டெஸ்க்டாப்பிலிருந்தும் டவுன்லோட்ஸிலிருந்தும் இழுத்துப் போட்ட பாட்டுதான் அடுத்த கணினியில் முதலில் காணாமல் போகும். காட்சிக் கோப்புகளின் பெயருக்கு முன்னால் கேமரா எழுத்தும் கார்டு எண்ணும் மொத்தமாகச் சேர்த்துவிடுங்கள். அதைப் பிரீமியருக்குள் கொண்டுவருவதற்கு முன் செய்ய வேண்டும். கொண்டுவந்த பிறகு மாற்றினால் அதுவே ‘மீடியா ஆஃப்லைன்’ ஆகும். சோனியின் அண்மைய மாடல்கள் பலவற்றில் ஃபைல் செட்டிங்ஸ் மெனுவில் எண்ணைத் தொடரச் செய்யவும் பெயரில் தலைப்பு சேர்க்கவும் வசதி உண்டு. அதை அமைத்துவிட்டால் கேமராவே பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். பெயர்களை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் சுருக்கமாக வையுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய் மொத்த முகவரி 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸில் பல மென்பொருள்கள் தடுமாறும்.

பழைய ஹேண்டிகேம் ஒன்று மூன்றாவது கேமராவாக இன்னும் ஓடுகிறது என்றால் இந்தப் பெயர் மாற்றும் அறிவுரை அதற்குப் பொருந்தாது. ஏவிசிஎச்டி முறையில் பதிவாகும் அந்தக் கார்டில், மங்கல வாழ்த்துப் போல இடைவிடாமல் நீளும் பகுதி பல எம்டிஎஸ் கோப்புகளாக உடைந்து பதிவாகும். அவற்றைத் தனித்தனியாக எடுத்து வந்தால் இணைப்பில் பாட்டு ஒரு கணம் அறுபடும். கார்டின் முழு அடுக்கையும் ‘பிரைவேட்’ ஃபோல்டரோடு அப்படியே நகலெடுத்து, பிரீமியரின் ‘மீடியா பிரவுசர்’ வழியாகக் கொண்டுவாருங்கள். அப்போது ஒரே நீண்ட காட்சியாகத் தெரியும்.

வேலையை வெளியூருக்கு அனுப்பும்போது கையால் நகலெடுக்கவே வேண்டாம். ஃபைல் மெனுவில் ‘புராஜெக்ட் மேனேஜர்’ இருக்கிறது. அதில் எல்லாவற்றையும் திரட்டி நகலெடுக்கும் தேர்வைக் கொடுத்தால், புராஜெக்ட் தொடும் ஒவ்வொரு கோப்பும் ஒரே இடத்துக்கு வரும். பயன்படுத்தாதவற்றை விட்டுவிடும் டிக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், எடிட் முடியவில்லையே. இரண்டு ஊர்க் கணினியிலும் வேலை டிஸ்க்குக்கு ‘டபிள்யூ’ அல்லது ‘எக்ஸ்’ போன்ற கடைசி எழுத்து ஒன்றை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், பென் டிரைவும் கார்டு ரீடரும் முன் எழுத்துகளோடு நின்றுகொள்ளும். ஈரோட்டு எடிட்டர் டாவின்சி ரிசால்வ் என்ற வேறு எடிட்டிங் மென்பொருளுக்கு மாறுகிறவர் என்றால் ஒன்று சொல்லிவையுங்கள். அதில் புராஜெக்ட் தனிக் கோப்பாக ஃபோல்டரில் இருக்காது, மென்பொருளின் சொந்த நூலகத்துக்குள் இருக்கும். டிஸ்க்கை மட்டும் திருப்பிக் கொடுத்தால் எடிட் வராது. ‘எக்ஸ்போர்ட் புராஜெக்ட்’ கொடுத்தால் எடிட் மட்டும் வரும். ‘எக்ஸ்போர்ட் புராஜெக்ட் ஆர்க்கைவ்’ கொடுத்தால் காட்சிகளும் சேர்ந்து வரும்.