லினக்ஸில் எஃப்டி8: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: அண்ணா, இப்போதுதான் ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் கிடைத்தது. கணினி வழியே சிறு செய்திகளை வானில் அனுப்பும் எஃப்டி8 முறையை லினக்ஸ் லேப்டாப்பில் தொடங்க என்ன வேண்டும்?

பதில்: வாழ்த்துகள் தம்பி. ஐகாம் ஐசி-7300 மாதிரி ரேடியோ என்றால் சவுண்ட் கார்டு அதற்குள்ளேயே இருக்கிறது, ஒரு யூஎஸ்பி கேபிள் போதும். பழைய ரேடியோ என்றால் நடுவில் தனியாக ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வையுங்கள். எஃப்டி8-ஐ அனுப்பவும் படிக்கவும் மென்பொருள் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ். முதல் சில நாள் 14.074 மெகாஹெர்ட்ஸில் வெறுமனே கேளுங்கள். 40 மீட்டர் பேண்டில் 7.074-க்குப் போனாலும் ரேடியோவில் வைக்க வேண்டிய மோடு அப்பர் சைட்பேண்ட்தான். அங்கே குரலில் பேசுவது லோயர் சைட்பேண்டில் என்பதால் பலர் இங்கே தடுமாறுகிறார்கள்.

கேள்வி: மென்பொருளில் ரேடியோவின் போர்ட்டைத் திறக்கப் போனால் ‘பெர்மிஷன் டினைடு’ என்கிறது. ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) ஓட்டலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உபுண்டு, டெபியனில் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேருங்கள். ஆர்ச்சில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி. சேர்த்த பிறகு லாக்-அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் அது நடைமுறைக்கு வரும். யூஎஸ்பியை சீரியல் போர்ட்டாக்கும் சிஎச்340 சிப் உள்ள கேபிளைச் செருகியதும் போர்ட் தோன்றி உடனே மறைகிறதா? உபுண்டு 22.04-இல் பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அந்தச் சிப்பைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறது. வீட்டில் யாருக்கும் பிரெய்ல் கருவி தேவையில்லை என்றால் அதை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: சிக்னல்களைக் காட்டும் வாட்டர்ஃபால் படத்தில் கோடு கோடாக சிக்னல் ஓடுகிறது, ஒன்றுகூட டீகோட் ஆகி எழுத்தாக வரவில்லை சார்.

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டி8 ஒவ்வொரு 15 நொடியையும் ஒரு முறையாக வைத்து ஓடுகிறது. உங்கள் கடிகாரம் இரண்டு மூன்று நொடி பிசகினாலே எல்லாம் நின்றுவிடும். இணையத்தைப் பார்த்து நேரத்தைச் சரிசெய்யும் குரோனியைப் போட்டுவிட்டால் கவலையில்லை. விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் (யூடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்) தள்ளிப் போயிருந்தால் டீகோட் வழக்கம்போல் ஆகும், ஏனென்றால் அந்த இடைவெளி 15 நொடியின் மடங்கு. ஆனால் தொடர்புகளைப் பதியும் லாகில் ஏறும் யூடிசி நேரம் தப்பு. தொடர்புகளை உறுதிசெய்யும் இணையச் சேவையான எல்ஓடிடபிள்யூவில் இரு பக்க நேரமும் 30 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும், அதனால் ஒரு தொடர்புகூட உறுதியாகாது.

கேள்வி: ஒலி அளவை எவ்வளவு வைப்பது? முழுசாக ஏற்றினால் தூரம் போகும் என்கிறார்களே?

பதில்: இதைத்தான் எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும். ஏற்றினால் தூரம் போகாது, சிக்னல் கெட்டுப்போகும். 800 ஹெர்ட்ஸ் டோன் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். ஒலி மிஞ்சினால் 1600-இலும் 2400-இலும் அதன் நகல்கள் கிளம்பி, அங்கே காத்திருக்கும் பலவீனமான நிலையத்தை மூடிவிடும். ஒலி அளவை மாற்றும் பேவுகன்ட்ரோல் நிரலில் அந்த சவுண்ட் கார்டின் வெளியீட்டைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒலி மிஞ்சுவதைக் காட்டும் ரேடியோவின் ஏஎல்சி முள் அசையாமல் நிற்கும் இடத்தில் விடுங்கள். டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் ஸ்ப்ளிட் வசதியில் ‘ஃபேக் இட்’ தேர்ந்தெடுத்தால் டோன் எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் நடுவில் நிற்கும், நகல்கள் ரேடியோவின் ஃபில்டருக்கு வெளியே விழும். உள்வரும் பக்கம், பேண்டின் வெறும் இரைச்சலுக்கு டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸின் மீட்டர் 30 டெசிபெல் அருகில் இருந்தால் சரி. இன்னொரு ஒலி நிரலான அல்சாமிக்சரில் ‘ஆட்டோ கெய்ன் கன்ட்ரோல்’ இருந்தால் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: மெயில் வந்த சத்தமும் வானில் போய்விட்டது! எப்படித் தடுப்பது?

பதில்: ரேடியோவின் சவுண்ட் கார்டு சிஸ்டத்தின் பொது ஒலிக்கருவியாக இருக்கிறது. பொதுக்கருவியாக லேப்டாப் ஸ்பீக்கரை வைத்துவிட்டு, டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸில் மட்டும் ‘யூஎஸ்பி ஆடியோ கோடெக்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். சில நேரம் கேபிளைப் பிடுங்கிச் செருகினால் பழையபடி மாறிவிடும். அதனால் அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஃப்டி8-இல் உரையாட முடியவில்லையே. தட்டச்சு செய்து பேச வேறு வழி?

பதில்: எஃப்எல்டிஜி என்ற மென்பொருளில் பிஎஸ்கே31 என்ற தட்டச்சு முறையைப் பாருங்கள். அதே கேபிள், அதே ஏஎல்சி விதி. மெதுவாக வரும், ஆனால் எதிரில் இருப்பவர் எழுத்தெழுத்தாக அடிப்பதைப் பார்க்கும்போது அது ஒரு மனிதர் என்று தெரியும். எனக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கும்.