நவீன தத்துவ வரலாறு: மாணவர் கேள்விகளும் பதில்களும்

டெகார்ட்டில் தொடங்கி காண்ட் வரையிலான காலத்தைப் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் கேட்கலாம். அதற்கு முன்பும் பின்பும் உள்ளவற்றுக்கு அந்தந்தத் துறையில் ஆழ்ந்தவர்களைத் தேடுங்கள்.

கேள்வி: எந்த நூலில் தொடங்குவது?

பதில்: 1641இல் வந்த டெகார்ட்டின் ‘தியானங்கள்’. ஆறே தியானங்கள், சில நாளில் முடித்துவிடலாம். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அச்சுக்குப் போகும் முன்பே கைப்பிரதி பலரிடம் போனது. ஹாப்ஸ், ஆர்னோ, கசாந்தி போன்றவர்கள் எழுதிய ஆட்சேபங்களும் டெகார்ட்டின் பதில்களும் அந்த நூலுடனேயே வெளிவந்தன. டெகார்ட்டின் வாதப்படி, தெளிவாகத் தெரிவது உண்மை என்று நம்பக் கடவுள் வேண்டும். கடவுள் உண்டு என்று காட்டத் தெளிவாகத் தெரிவதை நம்ப வேண்டும். இது சுற்றிச் சுற்றி வருகிறதே என்று ஆர்னோ கேட்டார். அதைப் படிக்காதவர் பாதி டெகார்ட்டைத்தான் படித்திருக்கிறார்.

கேள்வி: ஸ்பினோசாவின் ‘அறவியல்’ முதல் பக்கத்திலேயே தலை சுற்றுகிறது.

பதில்: வரையறை, அடிப்படைக் கூற்று, தேற்றம் என்று வடிவியல் நூல்போல எழுதியிருக்கிறார், சுற்றத்தான் செய்யும். முதல் பாகத்தின் இறுதியில் உள்ள பின்னிணைப்பை முதலில் படியுங்கள். மனிதர்கள் தங்களுக்கு நோக்கம் இருப்பதால் இயற்கைக்கும் நோக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று அங்கே நேராகப் பேசுகிறார். எதை எதிர்த்து எழுதுகிறார் என்று தெரிந்த பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்.

கேள்வி: லத்தீன் தெரிய வேண்டுமா?

பதில்: பட்டப்படிப்புக்கு வேண்டாம். ஆய்வுக்குப் போனால் வேண்டும்.

கேள்வி: பகுத்தறிவுவாதம், அனுபவவாதம் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அட்டவணையாகத் தர முடியுமா?

பதில்: தரமாட்டேன். அறிவு பகுத்தறிவிலிருந்து வருகிறது என்பது முதலாவது, அனுபவத்திலிருந்து வருகிறது என்பது இரண்டாவது. ஆனால் டெகார்ட், ஸ்பினோசா, லைப்னிட்ஸ் ஒரு பக்கம், லாக், பெர்க்லி, ஹியூம் மறுபக்கம் என்று அவர்கள் அணி பிரிந்து நிற்கவில்லை. காண்ட் தன் ‘தூய அறிவின் விமர்சனம்’ நூலின் கடைசி அத்தியாயத்தில், அறிவு எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியை வைத்து லாக்கை ஒருபுறமும் லைப்னிட்ஸை மறுபுறமும் நிறுத்தினார். 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் அதையே மொத்த வரலாற்றுக்கும் சட்டகமாக்கிவிட்டார்கள். அட்டவணையை மனப்பாடம் செய்தால், டெகார்ட் உடல்களை அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர் என்பதே உங்களுக்குப் பொருந்தாமல் போகும்.

கேள்வி: (அதே மாணவர்) பிறவியிலேயே கருத்துகள் கிடையாது என்று லாக் தன் ‘மனித அறிதல் பற்றிய கட்டுரை’ நூலில் ஒரு பாகம் முழுக்க வாதாடுகிறார். லைப்னிட்ஸ் அதற்கு மறுப்பாக ஒரு நூலே எழுதுகிறார். இது அணி இல்லாமல் வேறென்ன?

பதில்: நல்ல கேள்வி. அந்த ஒரு விஷயத்தில் இருவரும் எதிரெதிர்தான். லாக் 1704இல் இறந்ததால் லைப்னிட்ஸ் அந்த மறுப்பை வெளியிடவில்லை, 1765இல்தான் அச்சானது. ஆனால் அதே லாக், அதே நூலின் நான்காம் பாகத்தில் கடவுள் இருப்பதை நிரூபிக்க முடியும் என்கிறார், அறத்தையும் கணிதம்போல நிரூபிக்கலாம் என்கிறார். அவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்? இன்னொன்று, டெகார்ட்டின் வழிவந்த பிரெஞ்சுத் தத்துவவாதி மால்பிராஞ்ச். பொருள்களுக்குத் தாமாக எதையும் விளைவிக்கும் ஆற்றல் இல்லை, எல்லாம் கடவுள் செயல் என்றவர் அவர். ஹியூம் அந்த வாதத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு கடவுளை விட்டுவிட்டார். ‘எதிரணி’யிலிருந்து வந்த சரக்கு அது. அணிக்கோட்டைப் பிடித்துக்கொண்டவருக்கு இந்த வழி கண்ணில் படாது.

கேள்வி: (அவரே) தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் வருமா?

பதில்: வரும். பிரிவினையை முதலில் சரியாக விளக்குங்கள், எந்தக் கேள்விக்கு அது பொருந்துகிறது என்று சொல்லுங்கள், அப்புறம் லாக்கின் நான்காம் பாகத்தைக் காட்டுங்கள். விளக்காமல் மறுத்தால்தான் ஆபத்து.

கேள்வி: எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: சுருக்க நூல் மட்டும் படித்தால் போதுமா?

பதில்: போதாது. காணொளியும் போதாது. அடுத்து அதைத்தான் கேட்பீர்கள்.

கேள்வி: நீட்சே பற்றி...

பதில்: இங்கே இல்லை.

கேள்வி: எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. அந்தக் காலத்தில் யாரும் எழுதவில்லையா?

பதில்: எழுதினார்கள். மார்கரெட் கேவண்டிஷ், ஆன் கான்வே, எமிலி து ஷாத்லே என்று நீளும். நீங்கள் எலிசபெத்திடம் தொடங்குங்கள், பொஹீமிய இளவரசி. 1643இல் டெகார்ட்டுக்கு எழுதினார்: ஒன்று இன்னொன்றைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டும், ஆன்மாவுக்கு இடமோ பரப்போ இல்லை என்கிறீர்கள், அப்படியென்றால் அது உடலை எப்படி அசைக்கிறது? டெகார்ட் எடையை உவமை காட்டி விளக்கப் பார்த்தார். எலிசபெத் ஏற்கவில்லை. ஆன்மாவுக்கும் பரப்பு உண்டு என்று ஒப்புக்கொள்வதே எனக்கு எளிது என்று பதில் எழுதினார். டெகார்ட்டின் கடைசிக் காலம் வரை அந்தக் கடிதங்கள் தொடர்ந்தன. 1649இல் வந்த ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ அந்த உரையாடலிலிருந்து வளர்ந்தது. உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள், இரண்டே இரண்டு கடிதத்தையாவது பாடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் தேர்வு. காண்ட்டை எப்படிப் படிப்பது?

பதில்: ‘விமர்சன’த்தைத் தொடாதீர்கள். 1783இல் அவரே எழுதிய ‘முன்னுரை’ (Prolegomena) என்ற தனி நூல் சிறியது, அதன் முகவுரையை இரண்டு முறை படியுங்கள். ஹியூம்தான் தன்னை உறக்கத்திலிருந்து எழுப்பினார் என்று அங்கே சொல்கிறார். அதற்கு முந்தைய நாளே 1748இல் வந்த ஹியூமின் ‘மனித அறிதல் பற்றிய ஆய்வு’ நூலில் காரண காரியம் பற்றிய நான்காம், ஐந்தாம் பகுதிகளைப் படித்துவிடுங்கள். கேள்வி தெரியாமல் காண்ட்டின் பதிலுக்குள் நுழையாதீர்கள்.