புராஜெக்ட் சென்டருக்குப் பணம் கட்டும் முன் டிவி ரிமோட்டை எடுங்கள்

கேள்வி: மகள் பயோமெடிக்கல் இறுதியாண்டு. போலரைஸ்டு ஒளியால் தோலைப் படம்பிடிக்கும் புராஜெக்ட். இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி) எல்இடி, போலராய்டு தாள், கேமரா எல்லாம் சேர்த்து புராஜெக்ட் சென்டரில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் கட்டிகூடத் தெரியுமாம். வாங்கலாமா?
- ஒரு தந்தை, தண்டையார்பேட்டை

பதில்: வாங்காதீர்கள் சார். கட்டி தெரியும் என்று சொன்னபோதே எழுந்து வந்திருக்கலாம். தோலும் சதையும் ஒளியைத் தாறுமாறாகச் சிதறடிப்பவை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை, அதாவது போலரைஸ்டு ஒளியை அடித்தால், மேலாகப் பட்டுத் திரும்புவது அந்தத் தளத்திலேயே வரும், ஆழப் போய்ப் பலமுறை முட்டி மோதித் திரும்புவது தளத்தை இழந்துவிடும். விளக்குக்கு ஒரு போலராய்டு தாள், லென்ஸுக்கு ஒரு தாள். இரண்டும் ஒரே திசையில் இருக்க ஒரு படம், லென்ஸ் தாளை 90 டிகிரி திருப்பி இன்னொரு படம். முதல் படத்திலிருந்து இரண்டாவதைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் மேல் அடுக்கு மட்டும் தங்கும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் விழுங்கிய வெளிச்சமும் வகுத்தலில் அடிபட்டுப் போகும். அமெரிக்காவின் ஓரிகனில் ஸ்டீவன் ஜாக்ஸ் குழு 2000 வாக்கில் செய்து காட்டியது இதுதான். ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது.

அந்த இன்ஃப்ராரெட் விளக்குதான் பெரிய ஏமாற்று. சாதாரண போலராய்டு தாள் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு மட்டும்தான். இரண்டு தாளைக் குறுக்காக வைத்து டியூப்லைட்டைப் பாருங்கள், இருட்டாகிவிடும். அதே ஜோடியை, இன்ஃப்ராரெட் உமிழும் டிவி ரிமோட் முனையில் பிடித்து, பட்டனை அழுத்தி, செல்ஃபி கேமராவில் பாருங்கள் (தாள் இல்லாமல் ரிமோட் வெளிச்சம் அதில் தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்). மினுமினுவென்று வெளியே வரும். அதாவது அவர்கள் கிட்டில் தாள் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வெள்ளை எல்இடி போதும். கேமராக் கடையில் சிபிஎல் ஃபில்டரை (வட்டப் போலரைசர்) தலையில் கட்டினாலும் வேண்டாம், மரையுள்ள பக்கம் வெளியே பார்க்கும்படி விளக்கின் முன் மாட்டிவிட்டால் ஒளி வட்டமாகச் சுழன்று வெளிவரும், குறுக்கே வைத்தாலும் இருட்டாகாது.

சோதனைக்குக் காசிமேட்டு மீன் துண்டு எடுப்பதானால் ஒரு விஷயம். சதை நாரும் தசைநாணும் தாங்களாகவே ஒளியின் தளத்தை மாற்றும், அதனால் குறுக்குப் படத்தில் (90 டிகிரி திருப்பி எடுத்ததில்) வெளிச்சம் தெரிந்தால் அவ்வளவும் சிதறல்தான் என்று எழுதிவிடக் கூடாது. துண்டை அதே இடத்தில் மெதுவாகச் சுழற்றட்டும். வெளிச்சம் ஏறி இறங்கினால் அது நாரின் வேலை. நார் லென்ஸைப் பார்த்தபடி நிற்க வெட்டினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். நான் பார்த்த ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் கோட்டைவிடுவது இங்கேதான்.

சென்டர்காரரை மட்டும் திட்டி என்ன? லேபில் போலரைசிங் மைக்ராஸ்கோப்பைப் பூட்டி வைத்துவிட்டு, ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னால் 'அவுட்புட் எங்கே' என்று கேட்கும் கல்லூரிகள்தான் இவர்களை வளர்க்கின்றன.

தோலைக் கொஞ்சம் நனைத்துக் கண்ணாடி ஸ்லைடு வைத்து, விளக்கைச் சாய்த்து அடிக்கச் சொல்லுங்கள், பளபளப்பு வேறு பக்கம் போய்விடும். செல்போனில் புரோ மோட், எக்ஸ்போஷர் பூட்டிய நிலை, ரா ஃபைல் (போன் மெருகேற்றாத மூலப்படம்). ஆட்டோவில் எடுத்த ஜேபெக்கைக் கழித்தால் வருவது போன் போட்ட மேக்கப்தான்.