கார்டு இருக்கிறது, பெயர் இல்லை

வாக்காளர் பட்டியல் பற்றி வடசென்னை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த வாரம் பதில்கள்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். இரண்டு வருஷமாக மாதவரத்தில் வாடகைக்கு இருக்கிறோம். பட்டியலில் என் பெயரும் மாமியார் பெயரும் போய்விட்டன, கணவர் பெயர் மட்டும் பழைய விலாசத்திலேயே இருக்கிறது. மூன்று பேரிடமும் வாக்காளர் அட்டை உண்டு. அது போதாதா? (வாசகி, மாதவரம்)

பதில்: போதாது. அட்டை ஆளை அடையாளம் காட்டத்தான் உதவும். பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை.

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 20-ஆம் பிரிவில், தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டும் ஒருவர் தன் வசிப்பிடத்தை இழப்பதில்லை என்கிறது. காசிமேட்டில் கடலுக்குப் போனவர் வீடு பூட்டியிருந்தால் இந்த வரிதான் காப்பாற்றும். உங்கள் நிலை வேறு. வீடே தரைமட்டமாகி இரண்டு வருஷம் ஆனபின் ‘தற்காலிகம்’ என்று வாதாடுவதைவிட, இப்போது குடியிருக்கும் இடத்தில் பதிந்துகொள்வது மேல். புது வீட்டுக்குத் திரும்பியதும் மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

பெயர் இன்னும் பட்டியலில் இருப்பதால் கணவர் கொடுக்க வேண்டியது இடமாற்றத்துக்கான படிவம் 8. நீங்களும் மாமியாரும் கொடுக்க வேண்டியது பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6. மூன்று பேருக்கும் சேர்த்து படிவம் 6 எழுதிக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் கணவர் பெயர் இரண்டு இடத்தில் ஏறிவிடும். வேறெங்கும் பெயர் இல்லை என்று படிவத்தில் தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால், அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விலாசச் சான்றாக மாதவரம் முகவரி உள்ள ஆதார், பாஸ்புக், கேஸ் அல்லது கரண்ட் பில், பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றில் ஒன்று போதும். பதினோரு மாத ஸ்டாம்ப் பேப்பர் ஒப்பந்தம் பதிவாகாதது என்பதால் இந்த வரிசையில் வராது. வேறு எதுவும் இல்லையென்றால் அதையே இணையுங்கள். பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரில் வந்து விசாரிப்பார். வேலைக்குப் போகிற வீடுகளில் அந்த விசாரணையின்போதுதான் கதவு பூட்டியிருக்கும், விண்ணப்பமும் தள்ளுபடியாகும். ஆகவே படிவத்தில் செல்போன் எண்ணை விடாமல் எழுதுங்கள், பக்கத்து வீட்டிலும் சொல்லி வையுங்கள். ஒப்புகை எண்ணைத் தொலைக்காதீர்கள். அது கையில் இல்லாமல் பின்னால் எதையும் கேட்க முடியாது.

இன்னொன்று. மாநகராட்சி மண்டலமும் சட்டமன்றத் தொகுதியும் ஒன்றல்ல. மாதவரம் மாநகராட்சிக்குள் இருந்தாலும், அந்தச் சட்டமன்றத் தொகுதி திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் சேர்ந்தது. தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் போய் நின்றால் அலைச்சல்தான் மிஞ்சும்.

தேர்தல் அறிவித்த பிறகும் மனுத்தாக்கலின் கடைசி நாள் வரை பெயர் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் விண்ணப்பத்தை ஏழு நாள் அறிவிப்பில் வைத்த பிறகே முடிவெடுப்பார்கள் என்பதால், அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: உயிரோடு அதே வீட்டில் இருக்கும் என் அப்பா பெயரை நீக்கச் சொல்லி யாரோ படிவம் 7 கொடுத்திருக்கிறார்கள். (வாசகர், ராயபுரம்)

பதில்: படிவம் 7 வந்தது என்பதற்காகப் பெயரை எடுத்துவிட முடியாது. வீடு மாறினார் என்ற காரணத்தில் நீக்குவதென்றால், 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே நீக்க வேண்டும். வாக்காளர் பதிவு அலுவலகத்துக்கு அப்பாவையே அழைத்துப் போங்கள். ஆளை நேரில் பார்ப்பதைவிடப் பெரிய சான்று கிடையாது. யார் எதிர்ப்புத் தெரிவித்தது என்பதை அங்கே ஒட்டியிருக்கும் படிவம் 10 பட்டியலில் பார்க்கலாம். மீறி நீக்கிவிட்டால் உத்தரவின் நகலை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். 15 நாளுக்குள் மாவட்ட அளவில் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் தோற்றால், 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம்.

கேள்வி: வால்டாக்ஸ் ரோடு நடைபாதையில் குடியிருப்பவர்களுக்கு விலாசம் ஏது? (வாசகர், ஏழுகிணறு)

பதில்: படுத்துறங்கும் இடமே விலாசம். படிவம் 6-இல் அதைத் தெளிவாக எழுத வேண்டும்: இன்ன கடை எதிரே, இன்ன கம்பத்தருகே என்று. பி.எல்.ஓ. இரவில், ஒரு தடவைக்கு மேல் வந்து, அங்கே தூங்குகிறார்களா என்று பார்ப்பார். உறுதியானால் விலாசச் சான்று கேட்கக் கூடாது. பகலில் வந்து ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனால், மேலே சொன்ன மேல்முறையீட்டு வழி இதற்கும் உண்டு.

கேள்வி: தம்பி புழலில் விசாரணைக் கைதி. ஓட்டுப் போடலாமா? (வாசகி, வியாசர்பாடி)

பதில்: முடியாது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு தடுக்கிறது. ஜாமீனில் வந்துவிட்டால் போடலாம். குண்டர் சட்டத்தில் தடுப்புக் காவலில் இருப்பவருக்கோ தபால் ஓட்டு உண்டு! குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கு மட்டும் இல்லை என்பது எங்களுக்கும் விளங்காத நியாயம். நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இது, சென்னைக் கோட்டையில் திருத்த முடியாது. பட்டியலில் உள்ள பெயர் சிறைக்குப் போனதால் போகாது, அதை மட்டும் சரிபார்த்து வையுங்கள்.

கேள்வி: சாவடிக்குப் போனால், என் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள் என்றால்? (வாசகர், கொருக்குப்பேட்டை)

பதில்: திரும்பி வந்துவிடாதீர்கள். வாக்காளர் அட்டை, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் என ஏதாவது ஒன்றைக் காட்டி நீங்கள்தான் அவர் என்று நிரூபியுங்கள். ரேஷன் கார்டும் பூத் சிலிப்பும் இதற்கு ஆகாது. பிறகு ‘டெண்டர் ஓட்டு’ கேளுங்கள். இயந்திரத்தில் அல்ல, சீட்டில் முத்திரை குத்துவீர்கள், அதைத் தனி உறையில் வைப்பார்கள். சாதாரண எண்ணிக்கையில் அது சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் எடுத்துப் பார்த்தால் உண்டு. ‘அப்படி எதுவும் கிடையாது’ என்று அலுவலர் சொன்னால், தேர்தல் நடத்தை விதி 49-பி (ஆங்கில எழுத்து P) என்று சொல்லுங்கள். அப்போதும் தராவிட்டால் அங்கேயே நின்று தேர்தல் உதவி எண் 1950-க்குப் போன் செய்யுங்கள்.